பொலின் வியார்தோ: மூடிவைத்த பியானோ

துர்கனேவைப் படித்திருக்கும் தமிழ் வாசகர்களுக்குப் பொலின் வியார்தோ என்ற பெயர் எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி, மிஞ்சிப்போனால் ஒரு பத்தி. ஸ்பானியப் பாடகி, திருமணமானவர், துர்கனேவ் நாற்பது ஆண்டுகள் அவர் பின்னால் அலைந்தார், ரஷ்யாவை விட்டு அவர் வீட்டருகிலேயே வாழ்ந்து அங்கேயே இறந்தார். சொல்பவரின் மனநிலையைப் பொறுத்து அந்த வரியில் இரக்கமோ எரிச்சலோ கலந்திருக்கும். எங்கள் நண்பர் குழுவில் ஒருவருக்கு இந்த அம்மையார் மேல் தீராத கோபம் உண்டு. இவர் மட்டும் இல்லாதிருந்தால் துர்கனேவ் ரஷ்யாவில் இருந்திருப்பார், இன்னும் இரண்டு நாவல்களாவது எழுதியிருப்பார் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எதிர்க்கேள்விதான் எழும். அந்த நாற்பது ஆண்டுகளில் பொலின் என்ன செய்துகொண்டிருந்தார்?

நிறையவே செய்துகொண்டிருந்தார். அதில் ஒரு பகுதி உலகறிந்தது. இன்னொரு பகுதி அவர் காலத்திலேயே வரவேற்பறையைத் தாண்டி அதிகம் போகவில்லை. அந்த இரண்டாவது பகுதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

1821 ஜூலை 18 அன்று பாரீஸில் பிறந்தவரை ஸ்பானியர் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். பிறந்த ஊரை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஸ்பெயின்தான். தந்தை மனுவேல் கார்ஸியா செவில் நகரத்துக்காரர், தாய் ஹோக்கினாவும் மேடையில் பாடியவர். அந்தத் தந்தை சாதாரண ஆள் அல்ல. 1816இல் ரோமில் ரொஸ்ஸினியின் ‘செவில் நகரத்து நாவிதன்’ ஓபரா முதன்முதலாக அரங்கேறியபோது அல்மவீவா பிரபுவாகப் பாடியவர் அவர். தானே ஓபராக்கள் எழுதியவர், பாடம் சொல்லிக்கொடுத்தவர், முன்கோபி. மூத்த மகன் மனுவேல் பின்னாளில் குரல்வளையைச் சிறு கண்ணாடி வைத்துப் பார்க்கும் முறையைக் கண்டறிந்து மருத்துவ வரலாற்றிலும் இடம்பெற்றார். 101 வயது வரை வாழ்ந்தார். மூத்த மகள் மரியா மாலிப்ரான், அன்றைய ஐரோப்பா கொண்டாடித் தீர்த்த பாடகி. இந்த வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் பொலின். மரியாவுக்கும் இவருக்கும் 13 வயது வித்தியாசம்.

1825இல் கார்ஸியா குடும்பத்தோடு நியூயார்க் போனார். அந்த நகரம் அதுவரை இத்தாலிய மொழியில் முழு ஓபராவைக் கேட்டதில்லை. பாடியவர்களில் பாதிப்பேர் ஒரே வீட்டுக்காரர்கள். மொஸார்ட்டுக்கு ‘டான் ஜியோவான்னி’ எழுதிக்கொடுத்த லொரென்ஸோ தா போந்தே அப்போது முதுமையில் அந்த ஊரில்தான் இருந்தார். அவர் பார்க்க, கார்ஸியா குடும்பம் அந்த ஓபராவை அங்கே மேடையேற்றியது. பிறகு மெக்ஸிகோ. அங்கிருந்து திரும்பும் வழியில் கொள்ளையர்கள் சம்பாத்தியம் முழுவதையும் பறித்துக்கொண்டார்கள். போதாதென்று கார்ஸியாவைப் பாடவும் வைத்தார்கள் என்றொரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, கார்ஸியாவுக்குப் பொருந்துகிற கதை. மெக்ஸிகோ நகரத்துக் கதீட்ரலின் ஆர்கன் கலைஞரிடம்தான் சிறுமி பொலின் பியானோ கற்கத் தொடங்கினார். பாரீஸ் திரும்பியபின், எட்டு வயதுப் பெண்ணாகத் தந்தையின் மாணவர்கள் பாட, இவர் பியானோ வாசித்தார். ஒரு பாடகர் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே தடுமாறுகிறார் என்பதையெல்லாம் பியானோ முன்னால் உட்கார்ந்தபடியே கற்றுக்கொண்டார்.

பொலினுக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1832இல், தந்தை இறந்தார். அதன்பின் பியானோவே அவருடைய உலகம். லிஸ்ட்டிடம் பாடம் கேட்டார். இளைஞர் லிஸ்ட்டின் மேல் சிறுமிக்குக் காதல் என்றே சொல்லலாம். இசையமைப்பை அன்டோன் ரைஹாவிடம் கற்றார். பெர்லியோஸுக்கும் லிஸ்ட்டுக்கும் ஆசிரியராக இருந்தவர் அந்த ரைஹா. ஒரு பெண்ணுக்கு, அதுவும் 1830களில், இதைவிடச் சிறந்த இசைக்கல்வி கிடைத்திருக்க வழியில்லை. பியானோ கலைஞராவதுதான் அவருடைய விருப்பம், அதற்கான கையும் அவருக்கு இருந்தது.

அவருக்குப் பதினைந்து வயதானபோது தாய் பியானோவை மூடச் சொன்னார். இனி நீ பாட வேண்டும். 1836 செப்டம்பரில் மரியா மாலிப்ரான் குதிரையிலிருந்து விழுந்த காயத்தோடு தொடர்ந்து பாடி, மான்செஸ்டரில் இறந்துபோனார். வயது 28. அரியணை காலியாக இருந்தது, வீட்டில் இன்னொரு பெண் இருந்தாள். தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டுத்தான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு, அந்தத் தாயும் பாட்டிலேயே வாழ்ந்தவர். வாய்ப்பாட்டுக்காரருக்குக் கிடைக்கும் இடம் வாத்தியக்காரருக்குக் கிடைப்பதில்லை என்பது நம் கச்சேரி மேடைகளைப் பார்ப்பவர்களுக்கும் புதிய செய்தி அல்ல. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு எதுவும் பிடுங்கப்படவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் அதைக் கடைசிவரை மறக்கவும் இல்லை.

பிறகு நடந்தவை வேகமானவை. 1837 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் முதல் பொதுக்கச்சேரி, அக்காள் கணவரான வயலின் கலைஞர் பேரியோவோடு. 1839 மே மாதம் லண்டனில் ரொஸ்ஸினியின் ‘ஒதெல்லோ’வில் டெஸ்டிமோனாவாக ஓபரா அரங்கேற்றம். அந்த ஆண்டே பாரீஸ். கவிஞர் அல்ஃப்ரெட் த மூஸே இவரைப் புகழ்ந்து எழுதினார், மணக்கவும் விரும்பினார். மூஸேயின் குணத்தைச் சொந்த அனுபவத்தில் அறிந்திருந்த ஜார்ஜ் ஸாண்ட், அது வேண்டாம் என்று பெண்ணுக்கு எடுத்துச்சொல்லி லூயி வியார்தோவைக் கைகாட்டினார். இவரைவிட 21 வயது மூத்தவர். பாரீஸின் இத்தாலிய ஓபரா அரங்கின் நிர்வாகி, ‘டான் குயிக்ஸாட்’டை ஃபிரெஞ்சில் மொழிபெயர்த்தவர், குடியரசுவாதி. 1840 ஏப்ரலில் மணம் நடந்தது. லூயி தன் பதவியை விட்டு விலகி மனைவியின் பயணங்களைக் கவனித்துக்கொண்டார். அந்த நூற்றாண்டில் இப்படி ஒரு கணவரா என்று வியப்பாகத்தான் இருக்கிறது. ஸாண்ட் அத்துடன் நிற்கவில்லை. 1842இல் தொடராக வெளிவரத் தொடங்கிய ‘கொன்ஸுவேலோ’ நாவலின் நாயகியைப் பொலினைப் பார்த்தே படைத்தார். இருபத்தோரு வயதில் ஒரு பெரிய நாவலின் நாயகியாகிவிடுவது பாக்கியமா பாரமா என்று தெரியவில்லை.

அவர் குரலைப் பற்றி எழுதியவர்கள் யாரும் அதை அழகான குரல் என்று எளிதில் சொல்லிவிடவில்லை. மூன்று ஸ்தாயிகளுக்கு மேல் போகும் மெஸ்ஸோ குரல், ஆனால் சீரானதல்ல, ஒருவகைக் கடுமை இருந்தது. ஸான்-ஸான்ஸ் அதைக் கசப்பு ஆரஞ்சோடு ஒப்பிட்டார். முகத்தைப் பற்றியும் அப்படித்தான். பெரிய கண்கள், இமைகள் கனத்தவை, அகன்ற வாய். ஹைன ஒருமுறை அந்த முகத்தைப் பற்றி எழுதியதில் பாராட்டு எது, கேலி எது என்று பிரிப்பது கடினம். பாட ஆரம்பித்ததும் இதெல்லாம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை என்பதையும் எல்லாரும் ஒருவாய்ப்பட எழுதியிருக்கிறார்கள். ஒலிப்பதிவு எதுவும் இல்லை. அந்தக் கசப்பு ஆரஞ்சை நாம் சுவைக்க வழியில்லை.

1843இல் பீட்டர்ஸ்பர்க். இத்தாலியக் குழுவோடு ரொஸினாவாகப் பாட வந்தார். ‘பாடம் கேட்கும்’ காட்சியில் பாடகி தன் விருப்பப்படி ஒரு பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது மரபு. பொலின் அல்யாபியேவின் ‘இராக்குயில்’ பாட்டை ரஷ்ய மொழியிலேயே பாடினார். அரங்கு கொந்தளித்தது. அந்தக் கூட்டத்தில் ‘பராஷா’ என்ற கதைக்கவிதையை அந்த ஆண்டுதான் வெளியிட்டிருந்த ஒரு நெட்டை இளைஞர் இருந்தார். வியார்தோ வீட்டுக்குள் அவர் முதலில் நுழைந்தது லூயியின் வேட்டைத் தோழராகத்தான். இதை நம் நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். லூயியும் துர்கனேவும் சேர்ந்து கோகலின் கதைகளை ஃபிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள், அது 1845இல் வெளியானது. ‘வேட்டைக்காரனின் குறிப்புகள்’ நூலின் பல பகுதிகள் எழுதப்பட்டது வியார்தோக்களின் கூர்தாவனெல் மாளிகையில்தான். ரஷ்யப் பண்ணையடிமைகளைப் பற்றிய அந்தப் புத்தகம் பாரீஸுக்கு அருகே ஒரு பாடகியின் நாட்டுப்புற வீட்டில் உருவானது. நண்பரின் கணக்கில் இது வரவா செலவா?

பொலினின் மேடை வாழ்வில் மூன்று பாத்திரங்களைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். 1849இல் மேயர்பீரின் ‘தீர்க்கதரிசி’யில் ஃபிதேஸ் என்ற முதிய தாய். அப்போது இவருக்கு வயது 27. நாயகியாக வேண்டிய வயதில் தாயாக நடித்து ஓபராவின் மையத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்து 1851இல் ‘ஸாஃபோ’. கூனோ எழுதிய முதல் ஓபரா அது, எழுதியதே இவருக்காக. மூன்றாவதும் முக்கியமானதும், 1859 நவம்பரில் க்ளுக்கின் ‘ஓர்ஃபே’.

க்ளுக் 1762இல் வியன்னாவில் அந்தப் பாத்திரத்தைக் காஸ்ட்ராட்டோ பாடகருக்காக எழுதினார். 1774இல் பாரீஸுக்காக ஆண் குரலுக்கு மாற்றினார். இப்போது பெர்லியோஸ் இரண்டையும் எடுத்துவைத்துக்கொண்டு பொலினின் குரலுக்குப் பொருந்தும் மூன்றாவது வடிவம் ஒன்றைச் செய்தார். செய்தார் என்று ஒருமையில் சொல்வது அவ்வளவு சரியல்ல. பொலினும் அந்த வேலையில் கலந்துகொண்டார். முதல் அங்கத்தின் இறுதியில் வரும் பாட்டின் அலங்காரப் பகுதியில் அவர் கை இருக்கிறது. நூறு காட்சிகளைத் தாண்டி ஓடியது. இன்றும் பெண் குரலில் ‘ஓர்ஃபே’ பாடப்படும்போதெல்லாம் அந்த 1859ஆம் ஆண்டின் நிழல் விழுகிறது. அதே காலத்தில் பெர்லியோஸ் தன் ‘த்ரோயியர்கள்’ ஓபராவின் பிரதியை இவரிடம் காட்டி யோசனை கேட்டார். 1863இல் அது அரங்கேறியபோது அதில் பொலினுக்கு இடமில்லை. குரல் தளர்ந்திருந்தது. வாயைத் திறந்த அன்றிலிருந்து ஓய்வு கொடுக்காமல் பாடிய குரல்.

இந்த இடத்தில் ஒரு நகைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1855இல் லண்டனில் ‘டான் ஜியோவான்னி’யின் கையெழுத்துப் பிரதி, மொஸார்ட்டின் கைப்பட எழுதியது, விலைக்கு வந்தது. பெரிய நூலகங்கள் வாங்கத் தயங்கின. பொலின் தன் நகைகளை விற்று அதை வாங்கினார். தனிப் பெட்டி ஒன்று செய்து வீட்டில் வைத்துக்கொண்டார். ரொஸ்ஸினி வந்து அதன் முன்னால் மண்டியிட்டார். 1886இல் சாய்கோவ்ஸ்கி வந்து மணிக்கணக்கில் பக்கங்களைப் புரட்டினார். பின்னர் பாரீஸ் இசைப்பள்ளிக்கு அதைக் கொடையாகக் கொடுத்துவிட்டார். இன்று அது ஃபிரெஞ்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. நகையை விற்று ஒரு கையெழுத்துப் பிரதி வாங்கும் பெண்ணின் மனதில் தன்னை வெறும் பாடகியாக மட்டும் அவர் நினைத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1863இல் பாரீஸ் மேடையை விட்டு விலகி, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியைச் சகிக்காத லூயியோடு பாடன்-பாடனுக்குக் குடிபெயர்ந்தார். துர்கனேவ் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். கிளாரா ஷூமன் அருகில் வசித்தார், பிராம்ஸ் வந்துபோனார். ஓய்வு என்று பேர், ஆனால் அந்த மூடிய பியானோ மறுபடி திறந்தது இங்கேதான். துர்கனேவ் ஃபிரெஞ்சில் வசனமும் பாட்டும் எழுத, பொலின் இசையமைத்து, அவருடைய பிள்ளைகளும் மாணவிகளும் பாட, வீட்டரங்கில் ஓபெரெட்டாக்கள் நடந்தன. 1867இல் ‘பெண்கள் அதிகம்’, அதே ஆண்டு ‘கடைசி மந்திரவாதி’, அடுத்த ஆண்டு ‘அரக்கன்’. இசைக்குழு கிடையாது, பொலினே பியானோ. மேடையில் பாடத் தேவையில்லாத வேடங்களில் துர்கனேவ்! பிரஷ்ய அரசகுடும்பம் பார்வையாளர் வரிசையில். ‘கடைசி மந்திரவாதி’யில் கிராக்கமிஷ் என்ற கிழ மந்திரவாதி சக்தி வற்றிக் காட்டில் குடிசையில் கிடக்கிறான். அவன் முன்பு விரட்டியடித்த வனதேவதைகள் இப்போது அவனைச் சீண்டுகிறார்கள். ஒருகாலத்தில் ராட்சதனாக இருந்த அவனுடைய வேலைக்காரனும் சுருங்கிப்போயிருக்கிறான். ஆட்சி இழந்த ஒரு கிழவனை அரசர்கள் முன்னால் நடித்துக்காட்டியிருக்கிறார்கள். அதில் இருந்த குறும்பை அவர்கள் ரசித்தார்களா என்று அறிய ஆசை.

லிஸ்ட்டுக்கு அது பிடித்துப்போனது. பழைய மாணவிக்காக முயற்சியெடுத்தார். 1869 ஏப்ரலில் வைமார் அரங்கில், எட்வார்ட் லாஸன் செய்த இசைக்குழு அமைப்போடு மேடையேறியது. 1870இல் கார்ல்ஸ்ரூவில் வரவேற்பு நன்றாக இல்லை. அந்த ஆண்டே போர் வந்தது, எல்லாரும் பாடனை விட்டு லண்டன் போனார்கள், பிறகு பாரீஸ் திரும்பினார்கள். வீட்டுக்குள் பிறந்த நாடகம் வெளியே வந்து நிற்பதற்குள் வீடே கலைந்துவிட்டது.

அவர் எழுதிய பாடல்கள் நூற்றுக்கும் மேல். இவை எனக்கு நெருக்கமானது ரஷ்யப் பாடல்கள் வழியாக. 1864இல் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் தொகுப்பு வந்தது. பூஷ்கின், ஃபெத், துர்கனேவ் ஆகியோரின் கவிதைகள். பதிப்பாளரிடம் பேசி, ரஷ்யச் சொல்லழுத்தம் இசையில் பிசகாமல் பார்த்துக்கொண்டு, துர்கனேவ் அதற்காக ஓடியாடினார். உதவியவர் இங்கே அவர், படைத்தவர் இவர். ஜார்ஜியாவின் மலைகளைப் பற்றிய பூஷ்கின் கவிதைக்கு அவர் அமைத்த இசையை இரவில், வீட்டில் எல்லாரும் தூங்கியபின் கேட்டேன். குரல் அதிகம் அசைவதில்லை. பியானோ அதற்குக் கீழே இருளைப்போல விரிகிறது. பாடகிகள் எழுதும் பாடல்களில் குரலுக்குத்தான் எல்லா நகையும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருக்குமல்லவா, இங்கே பியானோவுக்கும் சரிபாதி. பதினைந்து வயதில் நிறுத்தப்பட்ட கை அங்கே ஓடுகிறது என்று நான் கேட்டுக்கொள்கிறேன். இசை அறிந்தவர்கள் இதை மிகை என்று சொல்லக்கூடும், சொல்லட்டும்.

ஷோபானின் மஸூர்க்காக்களுக்குச் சொற்களைப் பொருத்திப் பாடலாக்கியதும் இவரே. நோயான் கிராமத்தில் ஸாண்டின் வீட்டுக் கோடைகளில் ஷோபானோடு உட்கார்ந்து வாசித்த நெருக்கம் அதற்குப் பின்னால் உண்டு. 1849இல் ஷோபானின் இறுதிச் சடங்கில் மொஸார்ட்டின் ‘ரெக்வியம்’ பாடியவர்களில் ஒருவர் பொலின். தேவாலயத்தில் பெண் குரலுக்கு வழக்கமில்லை என்பதால் திரைக்குப் பின்னால் நின்று பாடினார்கள்.

இவ்வளவு கற்றவர் ஏன் ஒரு சிம்ஃபனிகூட எழுதவில்லை? பெண் என்பதால் விடவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் பொலினிடம் பணம் இருந்தது, அரங்கு இருந்தது, ஆதரவான கணவர் இருந்தார், ஐரோப்பாவின் பாதி இசைமேதைகள் அவர் வீட்டில் சாப்பிட்டுப் போனார்கள். ஷூமன் ஒரு பாடல் தொகுப்பையும் ஸான்-ஸான்ஸ் ‘ஸாம்ஸனும் தெலீலாவும்’ ஓபராவையும் அவருக்குச் சமர்ப்பித்தார்கள். 1870இல் ஜீனாவில் பிராம்ஸின் ‘ஆல்ட்டோ ராப்ஸடி’யை முதலில் பாடியவர் அவர். கூனோவையும் மாஸ்ஸெனேயையும் ஃபோரேயையும் கைதூக்கிவிட்ட அதே கை தன் பெயரை அவர்களோடு சேர்த்து எழுத முன்வரவில்லை. மற்றவர்கள் எழுதியதைக் கேட்டு, திருத்தி, பாடி, பிறருக்கு அறிமுகம் செய்து வைப்பதில் அவருக்குக் குன்றாத பசி இருந்தது. தன் இசையை மாணவிகளுக்கான பயிற்சி என்ற அளவிலேயே வைத்துக்கொண்டார். அடக்கமா, துல்லியமான சுயமதிப்பீடா, இல்லை தாயின் குரல் இன்னும் காதில் கேட்டதா? மூத்த மகள் லூயிஸ் இந்தத் தயக்கம் இல்லாதவர். ஓபரா எழுதி 1879இல் வைமாரில் மேடையேற்றினார். அம்மாவோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை என்பது வேறு கதை.

1883 கொடிய ஆண்டு. மே மாதம் லூயி போனார், செப்டம்பர் 3 அன்று பூஜிவாலில் துர்கனேவ். படுக்கையில் எழுத முடியாமல் கிடந்த துர்கனேவ், இளம் வயதில் தான் சிக்கிக்கொண்ட கப்பல் தீயின் கதையை ஃபிரெஞ்சில் சொல்லச்சொல்லப் பொலின் எழுதிக்கொண்டார். அதன்பின் ‘ஒரு முடிவு’ என்ற கதையும் அப்படியே, பல மொழிகள் கலந்து. கடைசிக் கதைகள் நமக்குக் கிடைத்தது அந்தக் கை வழியாகத்தான் என்று நண்பரிடம் சொன்னேன். அன்று அவர் பதில் பேசவில்லை. அடுத்த வாரம் வேறு காரணங்களோடு வந்தார்.

இருவரும் போனபின் பொலின் இன்னும் 27 ஆண்டுகள் வாழ்ந்தார். பாடம் சொன்னார், எழுதினார். 1904இல், 82 வயதில், ‘ஸாந்த்ரியோன்’ என்ற சிண்ட்ரெல்லா கதையைச் சிறிய ஓபராவாக வெளியிட்டார். ஏழு பாத்திரங்கள், ஒரு பியானோ. 1910 மே 18 அன்று இறந்தார். மோன்மார்த்ர் கல்லறையில் இருக்கிறார்.

‘கடைசி மந்திரவாதி’யின் முதல் ஒலிப்பதிவு 2019இல்தான் வெளிவந்தது. அதே ஆண்டு ஒர்லாண்டோ ஃபைஜஸ் வியார்தோ தம்பதியையும் துர்கனேவையும் மையமாக வைத்து ‘ஐரோப்பியர்கள்’ என்ற பெரிய நூலை எழுதினார். பாடல்களுக்கு இன்று நல்ல பதிவுகள் பல உண்டு. தொடங்குபவர்கள் ‘ஹவானேஸ்’ பாட்டில் தொடங்கலாம். கியூபாவிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்த ஆட்டத்தாளம், முதலில் ஸ்பானிய மொழியில் சாதுவாக நகரும், பின் அலங்காரங்கள் ஏறி மூச்சுவாங்க வைக்கும். பிறகு பூஷ்கின் பாடல்களுக்கு வாருங்கள். பாடுபவரை விட்டுவிட்டு ஒருமுறை பியானோவை மட்டும் கேளுங்கள்.